ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் முன் பிரேக்

சென்னையை அடுத்த ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டிய வண்டி ஸ்டாண்டுகள் வேலை நாட்களில் காலை எட்டு மணிக்கெல்லாம் நிரம்பிவிடுகின்றன. வீட்டிலிருந்து ஸ்டாண்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் திரும்ப அதே தூரம். நடுவில் பத்து மணி நேரம் வெயிலிலும் மழையிலும் நிற்பதுதான் அந்த வண்டிகளின் பிழைப்பு. வாங்கி நான்கு வருஷமாகியும் மீட்டர் பத்தாயிரத்தைத் தாண்டாத பைக்குகள் இங்கே சாதாரணம். “ஓடவே இல்லையே, இதுக்கு என்ன சர்வீஸ்?” என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். செயின், டயர் விஷயத்தில் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்குக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. ஓடிய தூரத்தைவிட, காற்றின் ஈரமும் கடலின் உப்பும் கடந்துபோன மாதங்களும்தான் அதை அதிகம் கெடுக்கின்றன. கெட்டுக்கொண்டிருப்பதை அது பெரும்பாலும் வெளியே காட்டிக்கொள்வதும் இல்லை.

முன் பிரேக்கை நம்பாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ‘பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்’ என்று சொல்லித்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சீராகப் போகும்போது முன் சக்கரத்தின் மேல் 90 கிலோவும் பின் சக்கரத்தின் மேல் 110 கிலோவுமாகப் பாரம் இறங்குகிறது. பிரேக் பிடித்ததும் உடம்பு முன்னால் சாய்கிறதல்லவா, வண்டியின் பாரமும் அப்படியே முன்னால் போகிறது. நன்றாக அழுத்திப் பிடித்தால் முன் சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 150 கிலோ வந்துவிடும். பின் சக்கரத்துக்கு மிஞ்சுவது 50 தான். பாரம் குறைந்த சக்கரம் சாலையைப் பற்றாது, வழுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒழுங்காகப் பிடித்தால் 23 மீட்டர் அளவில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அதே வண்டி நிற்க 50 மீட்டர் வரை ஆகும். கண் பார்த்துக் கை பிடிப்பதற்குள் ஓடிவிடும் பத்துப் பதினைந்து மீட்டர் இதில் சேரவில்லை.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட பிறகு, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த 27 மீட்டர் வித்தியாசம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. முன்னால் போகும் பேருந்து சட்டென்று ஓரம் கட்டும்போது உயிர் அந்த 27 மீட்டருக்குள்தான் இருக்கிறது.

வண்டியை அந்தத் தூரத்துக்குள் நிறுத்தும் பொருள் அளவில் மிகச் சிறியது. லீவரில் விரல்கள் கொடுக்கும் விசை 5 கிலோ என்று கொள்வோம். லீவர் நெம்புகோலாக நின்று அதை ஐந்து மடங்காக்குகிறது. ஆக, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மேல் 25 கிலோ. அந்தப் பிஸ்டனின் விட்டம் 12 மில்லிமீட்டர். கீழே, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இருக்கும் இரண்டு பிஸ்டன்களின் விட்டம் தலா 24 மில்லிமீட்டர் என்றால், விட்டம் இரட்டிப்பதால் பரப்பு நான்கு மடங்காகிறது, இரண்டுக்கும் சேர்த்து எட்டு மடங்கு. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளெய்ஸ் பாஸ்கல் கண்ட விதியின்படி, 25 கிலோ அங்கே 200 கிலோவாகிறது. இரண்டு விரல் அழுத்தம், சுழலும் எஃகுத் தட்டை இருபுறமும் 200 கிலோ விசையில் கவ்விப் பிடிக்கிறது.

இந்த அமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது ஒரு ரப்பர் வளையம். காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளம் கடைந்திருப்பார்கள்; அதில் சதுர வெட்டுமுகம் கொண்ட சீல் உட்கார்ந்திருக்கும். ஆயில் கசியாமல் தடுப்பது அதன் முதல் வேலை. பிஸ்டனைப் பின்னால் இழுக்கக் காலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் வெளியே நகர்கிறது. அதை இறுகப் பற்றியிருக்கும் சீல் தன் இடத்தில் நின்றபடியே லேசாக முறுக்கிக்கொள்கிறது. லீவரை விட்டதும் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பிஸ்டன் தள்ளும் உராய்வுக் கட்டையான பேட், டிஸ்க்கை விட்டு விலக அவ்வளவு போதும். பேட் தேயத் தேய, ரப்பரால் வளைந்துகொடுக்க முடியாத அளவுக்குப் பிஸ்டன் நகரவேண்டி வருகிறது. அப்போது அது சீலுக்குள் கொஞ்சம் வழுக்கி முன்னால் வந்து புது இடத்தில் நின்றுகொள்கிறது. மறுபடி அங்கிருந்து அதே பத்தில் ஒரு பங்கு. ஸ்குரூ வேண்டாம், நட்டு வேண்டாம், பிரேக் டைட் வைக்க யாரிடமும் போகவேண்டாம்.

தொல்லையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய டிரம் பிரேக்கில் லைனர் தேய்ந்தால் லீவர் தளரும். ‘பிரேக் லூஸாயிடுச்சு’ என்று ஓட்டுகிறவர் கைக்கே தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் பேட் புதிதாக இருந்தாலும் தேய்ந்து தகடாகியிருந்தாலும் லீவர் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் பிடிக்கும். கை எதையும் உணராது. உராயும் பொருள் முழுதும் தீர்ந்து, பேடின் முதுகுத் தகடு இரும்போடு இரும்பாக டிஸ்க்கை அறுக்கத் தொடங்கிய பிறகு கேட்கும் கரகர சத்தம்தான் பலருக்கு முதல் எச்சரிக்கை. அந்தச் சத்தம் வரும்போது பேடோடு டிஸ்க்கையும் மாற்றவேண்டிய செலவு வந்திருக்கும்.

சத்தம் வருவதற்கு வெகு முன்பே ஒரு தடயம் கிடைக்கிறது. ஹேண்டில்பாரில் பிரேக் ஆயில் நிற்கும் சிறிய டப்பாவின் பக்கத்தில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வர வர, அது விட்டுவந்த இடத்தை நிரப்ப மேலே இருக்கும் ஆயில் இறங்குகிறது. ஊரப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில் கேட்ட பேச்சு இது. “லெவல் இறங்கியிருக்கு அண்ணே, கொஞ்சம் ஊத்திடுங்க” என்றான் ஒரு கல்லூரிப் பையன். மெக்கானிக் டப்பாவைத் தொடவே இல்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, செல்போன் டார்ச்சைக் காலிப்பருக்குள் அடித்தார். “ஆயில் எங்கயும் போகல தம்பி. பேடு தேஞ்சிருக்கு, அதான் கீழ இறங்கியிருக்கு. பேடு மாத்தினா அதுவா மேல வந்துடும்.” ஒரு பாடப்புத்தகப் பக்கத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்புகிறவர், வண்டி காட்டிய ஒரே தடயத்தை அழித்துவிடுகிறார். பேட் தேயாமல் இருந்தும் லெவல் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த வண்டியைப் பழுது பார்க்கும்வரை ஓட்டவே கூடாது.

இப்போது ஆயிலுக்கு வருவோம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு உண்மையான பகை இங்கேதான். நாம் பிரேக் ஆயில் என்கிறோம்; அது எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததே இல்லை. கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு கலந்துகொள்வது அதன் இயல்பு. டப்பாவின் மூச்சுத்துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவரிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நிற்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பாலான காலைகளில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஸ்டாண்டில் பத்து மணி நேரம் நிற்கும் பைக் அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டு நிற்கிறது.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். நம் பைக்குகளில் பெரும்பாலும் ஊற்றுவது டாட் 3 அல்லது டாட் 4 வகை. எது என்று டப்பா மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகிறது. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் செய்யும் வேலை இது.

155 டிகிரி வரை பிரேக் சூடாகுமா என்று கேட்கலாம். பிரேக்கின் வேலையே வேகத்தை வெப்பமாக்குவதுதான். 200 கிலோ பாரம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 28,000 ஜூல். ஒரு சிறிய டீ கிளாஸ் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குக்குப் போகிறது. ஒரு கிலோ எடையுள்ள டிஸ்க் என்றால், ஒரு முறை நிறுத்தினால் அதன் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி உயரும். ஜி.எஸ்.டி. சாலையில் அடுத்த சிக்னலுக்குள் காற்று அதை ஆற்றிவிடும். டிஸ்க்கில் இருக்கும் ஓட்டைகள் அழகுக்கு வைத்தவை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சூட்டைத் தணிப்பதிலும் மழைநீர்ப் படலத்தை வழிப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் விடுமுறையில் இதே வண்டியை எடுத்துக்கொண்டு, பின்னால் ஓர் ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலிருந்து இறங்கினால் ஆற நேரமே கிடைக்காது. பிரேக்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் ஏறும். ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்துக் குமிழியிட்டால், அந்த ஆவி அழுத்தத்தைக் கடத்தாது, சுருங்கிக்கொள்ளும். லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. மலைச் சாலையில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று கேள்விப்படும் விபத்துகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே, மீட்டரைப் பார்க்காமல் தேதியைப் பார்த்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றவேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேடும் இதையே சொல்கிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இளமஞ்சளாக இருக்கவேண்டியது டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. நிறம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக நல்ல ஆயில் என்று நம்பிவிடவும் கூடாது. தண்ணீருக்கு நிறம் கிடையாது. பாதி பயன்படுத்திய டின்னை அலமாரியில் வைத்திருந்து அடுத்த வருஷம் ஊற்றுவது வீண், அதுவும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மாற்றும்போது பெட்ரோல் டேங்கின் மேல் துணி போடச் சொல்லுங்கள்; சிந்தினால் பெயிண்டை அரித்துவிடும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிய கதைகளும் உண்டு. அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அனைத்தையும் ஊதிப் பெருக்கவைத்து ஒரேயடியாகக் கெடுத்துவிடும்.

பழைய ஆயில் இன்னொரு கெடுதலும் செய்யும். மாஸ்டர் சிலிண்டரின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. லீவரை விட்டதும் அழுத்தத்தில் மிஞ்சிய ஆயில் அதன் வழியாக டப்பாவுக்குத் திரும்பும். கசடு சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால், சூட்டில் விரிந்த ஆயில் திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் குறைந்துவிட்டது என்றுதான் தோன்றும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, யாரையாவது பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். லீவரை ஒரு முறை பிடித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் இயல்புதான். சக்கரம் உடனே நின்றுபோனால் பிரேக் விடவில்லை என்று அர்த்தம்.

கடலுக்குப் போவோம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டிவருவது இந்தப் பக்கத்து இளைஞர்களின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். காற்றில் வரும் உப்புத் துளி கண்ணுக்குத் தெரியாது, இரும்பு அதை மறக்காது. பைக் டிஸ்க்குகள் துருப்பிடிக்கா எஃகு வகையைச் சேர்ந்தவைதான். ஆனால் தேய்மானத்தைத் தாங்கும் கடினத்துக்காகக் குரோமியத்தைக் குறைத்தும் கரியைக் கூட்டியும் செய்த வகை, சமையலறைப் பாத்திரத்து எஃகு அளவுக்குத் துருவை எதிர்க்காது. டிஸ்க்கின் முகத்தில் படியும் லேசான பழுப்பு, நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கவலைப்படவேண்டிய துரு உள்ளே இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் காலிப்பர் அசையாமல் பொருத்தியது கிடையாது. இரண்டு வழவழப்பான பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்வது. பிஸ்டன்கள் ஒரு பக்கம்தான். அவை தம் பக்கத்துப் பேடைத் தள்ள, எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் நகர்ந்து மறுபக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. பின்னை மூடிய ரப்பர் உறை கிழிந்து, உப்பும் மண்ணும் புகுந்து, கிரீஸ் காய்ந்துவிட்டால் காலிப்பர் நகராது. அப்போது பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து தகடாகிவிடும், மறுபக்கம் புதிதாகவே இருக்கும். எட்டிப் பார்க்கிறவர் கண்ணில் அந்த நல்ல பேட் மட்டுமே படலாம். இரண்டையும் பார்க்காமல் ‘பேட் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

பேடின் உராய்வுப் பகுதியில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறையத் தொடங்கினால், அல்லது கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்தால், மாற்றும் காலம். டிஸ்க்குக்கும் எல்லை உண்டு. குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள்.

டிஸ்க் பிரேக்குக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது செம்பைத்தான் உராய்வுப் பொருளாக வைத்தார்; காதைக் கிழிக்கும் சத்தத்தால் அது எடுபடவில்லை. 1953-ல் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு பிரான்ஸின் லெ மான் பந்தயத்தை வென்றது. 1969-ல் ஹோண்டா சிபி 750 அதைப் பெருமளவில் விற்ற மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. நம் பக்கத்துக்கு வந்த வழியில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-லேயே தொடங்கிவிட்டது. 1980-களில் என்ஃபீல்டு நிறுவனம் ராணிப்பேட்டையில் செய்த ஃபியூரி 175 பைக், ஹைட்ராலிக் முன் டிஸ்க்கோடு வந்தது. ஊர் உலகம் டிரம்மில் ஓடிய காலம் அது. இந்தியச் சாலைகளில் டிஸ்க் பரவலாக, 1999-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட் போன்ற வண்டிகள் தேவைப்பட்டன.

பேட் மாற்றும் வேலை அரை மணி நேரத்தில் முடிவது. அதைச் சரியாகச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது உங்கள் உரிமை. காலிப்பரைக் கழற்றியதும் பழைய பேடை எடுத்துவிட்டு, வெளியே வந்திருக்கும் பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளக்கூடாது. அதன் மேல் படிந்திருக்கும் கறுப்புத் தூளும் உப்பும் சீலைக் கீறிவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்துத் துடைத்த பிறகே தள்ளவேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் ரப்பருக்கு ஆகாது. தூளை ஏர் கன் வைத்து ஊதுவதும் தவறு, அது நேராக நுரையீரலுக்குப் போகும். பின்களைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவவேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துமுன் லீவரைப் பலமுறை அடித்து அது கெட்டியாவதை உறுதி செய்யவேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைவாசலில் இறக்கினால் முதல் பிடியில் பிரேக்கே இருக்காது. புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்த முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்கு நிதானமாகப் பிடித்துப் பழக்கவேண்டும்.

லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. காலிப்பரின் நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் கொஞ்சம் இருக்கும் பாட்டிலுக்குள் விட்டு ஏர் எடுப்பார்கள். லீவரைப் பிடித்தபடி நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகுதான் லீவரை விடவேண்டும். வரிசை மாறினால் போகவேண்டிய காற்று திரும்ப உள்ளே வரும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

வாட்டர் வாஷ் கடைகளில் கடைசியாக டீசலோ பாலிஷோ அடித்து வண்டியைப் பளபளப்பாக்கும் பழக்கம் எனக்குப் பெரிய வருத்தம். டிஸ்க்கின் மேல் படும் ஒரு துளி எண்ணெய் பேடுக்குள் ஊறிவிடும். ஊறிய பேடை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், வெயிலில் காயவைத்தாலும் பழைய பிடிப்பு வராது, தூக்கிப்போடுவதுதான் வழி. கீச்சென்று சத்தம் வருகிறது என்று டிஸ்க்கில் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

மழைக்காலம் தனி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கி எடுத்த வண்டியில் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமலும், ஆயிலை மாற்றாமலும் ஓட்டக்கூடாது. முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்த வண்டிக்கு அவ்வளவு வேண்டாம். மெதுவாக ஓட்டியபடியே முன் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் பேட் காய்ந்து பிடிப்பு திரும்பிவிடும்.

125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளிலும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்கும், முன் பிரேக்கைப் பற்றிய பயத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் தேய்ந்த பேடையும் கொதித்த ஆயிலையும் வைத்துக்கொண்டு எந்தக் கணினியும் வண்டியை நிறுத்த முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு வாருங்கள்: இரண்டு பக்கப் பேடையும் கழற்றிக் காட்டவேண்டும், காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ் வைக்கவேண்டும், பிரேக் ஆயில் மாற்றிய தேதியைப் பில்லில் எழுதித் தரவேண்டும். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும், அந்தத் தேதிக்கு இரண்டு வருஷமாகியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.